நன்னன் நாட்டு நல்விருந்து



திருவிழாவுக்கு வந்திருக்கிறோம். இறைவனைத் தொழுதோம், திருநீறு அணிந்தோம். வெளியே வந்தால் பொரியும் கரும்பும் குவிந்து கிடக்கின்றன. குழந்தைகள் ஊதல் ஊதித் திரிகின்றனர். மலைக்காற்று மெல்ல வந்து மேனியைத் தழுவுகின்றது. இவற்றில் உள்ளம் மகிழ்ந்தால், 'பக்தியில் குறை நேர்ந்ததோ?' என்று ஐயுறுவாரும் நம்மிடையே உண்டு. இவ்வையத்துக்கு விடை காணத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. போளூரைச் சூழ்ந்த இம்மண்ணின் பழைய வரலாறே போதும்.

போளூருக்கு மேற்கே சவ்வாது மலை நீண்டு கிடக்கின்றது. அம்மலையில் தோன்றும் செய்யாறு செங்கம், கலசபாக்கம் வழியே ஓடி, திருவோத்தூரைக் கடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கின்றது. முன்பு போளூர் வட்டத்தில் அடங்கியிருந்து, இன்று கலசபாக்கம் வட்டத்தில் விளங்கும் பருவதமலை, 4,560 அடி உயரத்தில் மல்லிகார்ச்சுனரைத் தாங்கி நிற்கின்றது. சங்க காலத்தில் இந்நாட்டுக்குப் பல்குன்றக் கோட்டம் என்று பெயர். செங்கண்மா என வழங்கிய செங்கத்திலிருந்து இதனை ஆண்டவன் நன்னன் சேய் நன்னன் என்னும் வேள். அவனை இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய பாட்டே மலைபடுகடாம். பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய இது 583 அடிகளை உடையது. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டினை அச்சேற்றியபின் தமிழுலகம் இதனை மீண்டும் அறிந்து மகிழ்ந்தது.

பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் கூத்தர்க்கு நன்னனிடம் செல்லும் வழியைச் சொல்வதாக இப்பாட்டு அமைந்துள்ளது. நன்னன் பொன்னும் பொருளும் வழங்கிய வள்ளல்தான். ஆயினும் பாட்டின் பெரும்பகுதி அவன் அரண்மனையைப் பற்றியதன்று. அங்குச் செல்லும் வழியைப் பற்றியதே. மலையிலே தினை விளைந்திருக்கின்றது, எள்ளும் அவரையும் வரகும் பருவம் தவறாமல் பயன் தந்திருக்கின்றன, பலா பழுத்திருக்கின்றது. அருவியின் ஓசை, தினை குற்றும் மகளிர் பாட்டு, கிளி ஓட்டுவாரின் குரல் எனப் பல ஒலிகள் ஒன்றுகூடி மலையெங்கும் முழங்குகின்றன. மலையை யானையாகவும், அதன் ஓசைகளை அவ்யானையின் மதமாகவும் உருவகித்ததனால் பாட்டுக்கே மலைபடுகடாம் என்னும் பெயர் வந்தது.

அவ்வழியிற் கிடைக்கும் உணவினைக் கேளுங்கள். மூங்கிலரிசிச் சோறு, பலாவின் கொட்டையும் புளியும் மோரும் சேர்த்து ஆக்கிய குழம்பு, அவரை இட்ட புளிங்கூழ். இவை அரசன் வீட்டு விருந்தல்ல. குறவரும் ஆயரும் உழவரும் தத்தம் குடிலில் வைத்திருந்த அன்றாட உணவு. கூத்தர் அரசனைக் காணுமுன்னரே, முன்பின் அறியாத எளிய குடும்பங்கள் இரவுதோறும் அவர்களை உறவினர்போல் ஏற்று உணவளிக்கின்றன. அரசன் ஈந்த பொன்னை ஒரு சொல்லிற் கூறிவிடலாம். இந்தக் கூழின் அருமையைக் கூறப் புலவருக்கு நூற்றுக்கணக்கான அடிகள் வேண்டியிருந்தன!

சைவ அன்பர்கள் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி ஒன்றும் அப்பாட்டில் உண்டு. நன்னனது நவிர மலையில் உறையும் கடவுளை, நஞ்சினை உண்ட கடவுள் என்று புலவர் குறிக்கின்றார். நவிர மலையே இன்றைய பருவதமலை என்பர் அறிஞர். அம்மலையைச் சூழ்ந்தும் செய்யாற்றங்கரையிலும் கடலாடி, மாதிமங்கலம், பூண்டி, குருவிமலை முதலிய ஏழு ஊர்களில் கரைகண்டேசுவரர் என்னும் திருப்பெயரோடு சிவபெருமான் எழுந்தருளியிருக்கின்றார். ஆற்றின் கரையைக் கண்டவர் என்று இதற்குப் பொருள் சொல்வதுண்டு. கறைக்கண்டர் என்று கொண்டாலோ, நஞ்சின் கறை பொருந்திய கண்டத்தை உடையவர் என்றாகும். சங்கப் புலவர் மலைமேற் கண்ட நீலகண்டனையே மலையடி ஊர்களும் இன்றளவும் அழைக்கின்றன என்று எண்ணுகையில் நம் உள்ளம் உருகுகின்றது. ஆலம் தனக்கு, அமுதம் பிறர்க்கு என்று கொண்ட பெருமான் குடியிருக்கும் மலையின் அடிவாரத்திலே, தம் கூழை வழிப்போக்கரோடு பகிர்ந்துண்ட மக்கள் வாழ்ந்ததில் வியப்பென்ன?

அந்நெறி வழிபாட்டில் இன்றும் நின்று நிலவுகின்றது. பருவதமலை உச்சியிலே அடியவர் தம் கையாலேயே இறைவனுக்கு நீராட்டி மலரிட்டு வணங்குகின்றனர். மார்கழி முதல் நாள் பனியிலே அம்மலையை வலம் வருகின்றனர். தையில் புத்தரிசி பொங்குகின்றது; மொச்சையும் கரும்பும் வீடு வந்து சேர்கின்றன. இரதசப்தமி அன்று அண்ணாமலையார் தம் ஊரை விட்டுக் கலசபாக்கத்துக்கு எழுந்தருளி, திருமாமுடீசுவரரைச் சந்தித்துச் செய்யாற்றிலே தீர்த்தவாரி காண்கின்றார். பேரூரின் பெருந்தெய்வம் சிற்றூரின் ஆற்றுமணலை நாடி வருகின்றது! கோடையில் நுங்கும் மாம்பழமும் மலைப்பலாவும் வருகின்றன. ஆடியில் அம்மன் கோயில்தோறும் கேழ்வரகுக் கூழ் வார்க்கின்றனர். வரிசையில் நிற்போருள் செல்வர் இவர், ஏழை இவர் என்னும் வேறுபாடு இல்லை. மழைக்காலம் வந்தால் சவ்வாது மலையிலிருந்து சீத்தாப்பழம் கூடை கூடையாக இறங்குகின்றது. கார்த்திகையில் சிறுவர் மாவளி சுற்றுகின்றனர். பெரியோர் தெற்கு நோக்கி நின்று அண்ணாமலைத் தீபத்தைத் தேடுகின்றனர். பருவம் தருவதை முதலில் இறைவனுக்குக் காட்டி, பின் பலரோடு உண்பதே நம் ஊர்களின் திருவிழா.

எளியவரின் சிறு தேவையையும் இறைவன் சிறிதாக எண்ணுவதில்லை. இச்செய்யாற்றங்கரைத் திருவோத்தூரிலே அடியார் ஒருவர் வளர்த்த பனைகள் யாவும் ஆண்பனைகளாய்ப் போயின. 'உம் பனை காய்க்குமோ?' என்று பிறர் எள்ளினர். அவர் திருஞானசம்பந்தரிடம் முறையிட்டார். பிள்ளையார் திருப்பதிகம் பாடியருள, அப்பனைகள் குலைதள்ளிக் காய்த்தன என்று பெரியபுராணம் கூறும். அரசு கேட்டாரல்லர், மணி மாளிகை கேட்டாரல்லர். தம் தோப்பிலே நாலு பனங்காய் காண விரும்பினார். அதற்கும் ஒரு திருப்பதிகம் அருளப்பெற்றது!

அன்பர்களே, இங்கே நாம் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. எளிய வாழ்வைப் போற்றுவது வேறு. வறுமையை அழகென்று சொல்வது வேறு. மலைபடுகடாத்துக் கூத்தரும் வறுமை தாங்காமல் வழிநடந்தவர்களே. சாமையும் தேனும் புளியும் தரும் சவ்வாது மலையிலே, அவற்றைக் கொண்டு மட்டும் பிழைக்க இயலாமல் வெளியூர்க் கூலியை நாடிச் செல்வோர் பலர். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திர மாநிலச் சேஷாசலக் காட்டில் காவல்துறையினர் சுட்டதில் மாண்ட 20 தமிழருள் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தவர். சவ்வாது மலையினரும் அவருள் இருந்தனர். வழிப்போக்கருக்கு வயிறார உணவிட்ட மலையின் மக்கள், அயல்மாநிலக் காட்டில் வழிப்போக்கராய் மடிந்தனர். நன்னன் நாட்டுப் பெருமையைப் பேசும் நாம் இதனை மறந்து பேசினால், அப்பேச்சு வெற்றொலியே.

ஆதலால் நாம் செய்யத்தக்கன சில உண்டு. மலையினர் சுமந்து வரும் சாமைக்கும் தேனுக்கும் பழத்துக்கும் பேரம் பேசாது உரிய விலை கொடுப்போம். தீர்த்தவாரி முடிந்ததும் ஆற்றங்கரையிலே குப்பையை விட்டு வராதிருப்போம். மலைமேல் ஏறுகையில் காட்டுக்குத் தீங்கு செய்யாதிருப்போம். காடு செழித்தால்தான் செய்யாற்றில் நீர்வரும். நீர்வந்தால்தான் பருவமும் விழாவும் பொருள்பெறும். இறைவனுக்கு ஓர் இலை, பசுவுக்குச் சிறிது புல், பசித்தவனுக்கு ஒரு கவளம் என்று திருமூலர் வகுத்த அறம் எவருக்கும் எட்டாததன்று.

தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு வருவோம். பொரியும் கரும்பும் மலைக்காற்றும் தரும் மகிழ்ச்சி பக்திக்குப் பகையாகாது. தனித்து விழுங்கும்போது அது வெறும் நாவின்பமாய் முடிகின்றது, பகிரும்போது பிரசாதமாகின்றது. இன்று கோயிலைவிட்டு வீடு திரும்புகையில், கையிலுள்ள பொரியில் ஒரு பிடியை அருகில் நிற்கும் அறியாத குழந்தைக்குக் கொடுங்கள். நஞ்சுண்ட பெருமான் மலையிலிருந்து அதனைக் கண்டு மகிழ்வார்.

திருச்சிற்றம்பலம்.