கெடு தப்பிய வீடு

பிச்சாவரத்து உப்பங்கழிகளைக் காணவருவோர் தில்லை மரங்களுக்கும் சுரபுன்னை மரங்களுக்கும் இடையே படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவர். கழிக்கு அப்பால் கிள்ளையிலும், வெள்ளாற்றுக்கு வடகரையில் மஹ்மூது பந்தர் என வழங்கிய பரங்கிப்பேட்டையிலும் உள்ள பழைய வீடுகளின் கதை அவர்கள் செவிக்கு எட்டுவதில்லை. சென்ற ஆண்டு அந்தப் பக்கத்து வீடொன்றில் பெரியவர் ஒருவர் பிரிக்கப்படாத பதிவுத் தபால் உறையொன்றை என் கையில் கொடுத்தார். வீட்டின்பேரில் வாங்கிய கடனுக்குத் தவணைகள் நின்றுபோயிருந்தன. "கெடு தப்பிட்டுதே தம்பி, இனி ஊடு அவங்களுதுதானா?" என்று கேட்டார்.

சென்னை மாகாணத்து நீதிமன்றங்களை நெடுங்காலம் அலைக்கழித்த கேள்வி அது.

வட்டி விலக்கப்பட்ட நம் சமுதாயத்தில் கடன் வேறு உருவங்களை எடுத்தது. அவற்றுள் ஒன்று பைஉல் வஃபா. புகாரா, சமர்க்கந்து பகுதிகளின் ஹனஃபி சட்டநிபுணர்கள் இதைப்பற்றி நீண்ட விவாதங்கள் நடத்தியுள்ளனர். ஒருவர் தம் வீட்டை விற்பார். பெற்ற தொகையைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கியவர் வீட்டைத் திருப்பிவிட வேண்டும். பெயரளவில் கிரயம், நடைமுறையில் அடமானம். அதுவரை வீட்டின் பலனை அனுபவிப்பவர் பணம் கொடுத்தவரே. வட்டியைப் பின்வாசல் வழியாக அழைத்துவரும் உபாயம் என்று இதைக் கண்டித்த ஆலிம்களும் உண்டு. அவர்கள் கூற்றுப் பிழையென்று நான் கருதவில்லை. இதே நிபந்தனைக் கிரயம் வேறு பெயர்களில் இந்துக் குடும்பங்களிலும் வழங்கியது.

கெடுவுக்குள் பணம் வராவிட்டால் என்ன? வங்காளத்தில் 1806ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி, கடன்பட்டவனுக்கு நீதிமன்ற அறிவிப்புத் தந்து ஓராண்டு அவகாசம் அளித்தது. சென்னை மாகாணத்தில் அத்தகைய விதி இல்லை. இருந்தும், 1858 முதல் சென்னை சதர் அதாலத்து, கெடு கடந்த பின்னும் சொத்தை மீட்கலாம் எனத் தீர்ப்பளிக்கத் தொடங்கியது. லண்டன் பிரிவி கவுன்சிலோ 1870இல், பட்டாபிராமையர் வழக்கில், பத்திரத்தின் எழுத்துப்படியே நடக்கவேண்டும் என்று அதைக் கவிழ்த்தது. கெடு தப்பினால் வீடு போயிற்று. 1875இல் மீண்டும் ஒரு வழக்கு அங்கே சென்றது. வழக்காடியவர்கள் தம்புசாமி முதலியாரும் உசேன் ராவுத்தரும். முந்திய தீர்ப்பைக் கைவிடப் பிரபுக்கள் மறுத்தனர். ஆயினும், நீதிமன்ற நடவடிக்கையால் உரிமை முடித்துவைக்கப்படும் வரை மீட்கலாம் எனச் சட்டம் இயற்றுவதே நன்று என்று அவர்களே எழுதிவைத்தனர். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் அதைத்தான் செய்தது. பத்திரத்தில் எத்தனை கடுமையான வாசகம் இருந்தபோதிலும், கோர்ட் டிக்கிரி முடித்துவைக்கும் வரையில் அடமானம் அடமானமே.

மீட்கும் உரிமை இருந்தால் போதுமா? மீட்கப் பணம் வேண்டுமே! 1929இன் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடன் தொகையோ வீழவில்லை. கொள்ளிடத்துப் பாசனத்தில் நெல்லையே நம்பியிருந்த சிதம்பரம் தாலுகாவுக்கு அது எத்தகைய அடியென்று விளக்க வேண்டியதில்லை. மாகாணக் கிராமக் கடன் 1895இல் நிக்கல்சன் மதிப்பீட்டில் 45 கோடி ரூபாய். 1930இல் வங்கி விசாரணைக் குழுவின் கணக்கில் 150 கோடி. 1935இல் சத்தியநாதன் அறிக்கையில் 200 கோடி.

1938இல் ராஜாஜி மாகாணப் பிரதம மந்திரியாக இருந்தபோது வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் துணிச்சலானது. 1932 அக்டோபர் 1ஆம் தேதிக்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. முதலும் வட்டியுமாக முதலைப்போல் இருமடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அந்த 1937 தேதிக்குப் பின் ஏலத்தில் போன விவசாயியின் சொத்தையும் மனுச்செய்து மீட்க வழியிருந்தது. வேறு சொத்தில்லாத பெண்ணொருத்திக்கு வரவேண்டிய கடனின் முதல் 3,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அதை மட்டும் சட்டம் தொடவில்லை. கைம்பெண்கள் தம் சிறுபணத்தை நம்பிக்கையானவர்களிடம் கொடுத்துவைக்கும் வழக்கத்தை அறிந்தவர்கள் அந்த விலக்கின் அருமையை உணர்வர். ஆனால் இச்சட்டம் விவசாயிக்கே உரியது. கடல்கடந்த வியாபாரத்தை நம்பி, வயலே இல்லாமல் வீட்டை மட்டும் வைத்திருந்த கரையோரக் குடும்பங்கள் இதன் நிழலுக்குள் வரவில்லை.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு விதை விழுந்தது. பழங்கடனைத் தீர்க்க நீண்டகாலக் கடன் தந்த கூட்டுறவு நில அடமான வங்கிகளுக்கு, 1934ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்கும் அதிகாரம் அளித்தது. 2002இன் சர்ஃபேசி சட்டம் அவ்வதிகாரத்தை நாடெங்கும் வணிக வங்கிகளுக்கும் கொடுத்தது. தவணை 90 நாளுக்கு மேல் நின்று கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்டால், வங்கி 60 நாள் அவகாசத்துடன் எழுத்துமூல அறிவிப்பு அனுப்பலாம். அதன் பின் சொத்தைக் கைப்பற்றலாம். கடன்பட்டவர் ஆட்சேபம் எழுதினால், வங்கி 15 நாளுக்குள் காரணத்துடன் பதில் தரவேண்டும். கைப்பற்றும் நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். நிலுவையில் முக்கால் பங்கைக் கட்டிய பிறகே அங்கே போகலாம் என்ற விதியை 2004இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. விவசாய நிலம் இச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறது, மனைக்கட்டு அப்படியல்ல.

மீட்கும் உரிமையின் எல்லையும் நகர்ந்துவிட்டது. சொத்து கைமாறும் வரை பணம் கட்டி மீட்கலாம் என்றிருந்ததை, 2016இல் நாடாளுமன்றம் ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு நிறுத்தியது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அவ்வாறே பொருள் கூறியது.

பெரியவரின் உறையை நான்தான் பிரித்தேன். அறிவிப்பு வந்து 22 நாள் ஆகியிருந்தது. "இன்னும் உங்கள் வீடுதான் மாமா, 38 நாள் இருக்கிறது" என்றேன். அன்று மாலையே ஆட்சேபக் கடிதத்தை எழுத உட்கார்ந்தோம்.