வீ-ஐ முதல் விம் வரை: ஓர் எடிட்டரின் சரித்திரமும் அதைப் பயிலும் முறையும்

மௌஸின் உதவியை நாடாமல், விசைப்பலகை ஒன்றைக்கொண்டே எழுத்துவேலை முழுவதையும் டெர்மினல் திரையில் நடத்தவல்ல எடிட்டர்களுள் வீ-ஐயும் அதன் வழித்தோன்றலாகிய விம்மும் தலையாயவை. இவற்றைப் பயிலப் புகுவோர் முதல் நாளிலேயே திகைத்து நின்றுவிடுகிறார்கள். விசையை அழுத்தினால் எழுத்து விழுவதற்குப் பதிலாக ஏதோ கட்டளை நிறைவேறிவிடுகிறது. கர்சரை நகர்த்துவதற்கு எச், ஜே, கே, எல் என்னும் எழுத்துக்களைப் பிரயோகிக்கும்படி கையேடுகள் உபதேசிக்கின்றன. வெளியேறுவதற்குக்கூட முக்காற்புள்ளியிட்டு ஒரு கட்டளை எழுதவேண்டியிருக்கிறது. ஆயினும், இந்த விசித்திரங்கள் ஒவ்வொன்றின் பின்னும் அந்தந்தக் காலத்து யந்திரம் விதித்த நிர்ப்பந்தம் ஒன்று உண்டென்பதும், அந்த நிர்ப்பந்தத்தை அறிந்து பயில்வோருக்கு மனப்பாடச் சுமை பெரிதும் குறைந்துவிடுகிறதென்பதும் இக்கட்டுரையின் துணிபு.

சரித்திரம் காகிதத்தில் தொடங்குகிறது. 1969-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ஸன் யூனிக்ஸுக்காக இயற்றிய 'எட்' என்னும் எடிட்டர், விநாடிக்குப் பத்து எழுத்து வீதம் காகிதச் சுருளில் அச்சிடும் டெலிடைப் யந்திரத்தின்முன் உட்கார்ந்திருப்பவரை மனத்திற்கொண்டு உருவானது. திருத்துகிறவர் கோப்பைக் காண்பதில்லை. வரியின் எண்ணைத் தட்டினால் அந்த வரி அச்சாகி வரும். பழைய சொல்லையும் புதிய சொல்லையும் சாய்கோடுகளுக்கிடையே எழுதினால் மாற்றம் நிகழும். மாறியதைக் காண மீண்டும் அச்சிடச் சொல்லவேண்டும். பிழை நேர்ந்தால் ஒரேயொரு கேள்விக்குறிதான் பதில். இன்றும் விம்மில் முக்காற்புள்ளியைத் தொடர்ந்து நாம் எழுதும் 'டபிள்யூ', 'க்யூ' முதலிய கட்டளைகள் இந்த எட்டின் நேரடி வாரிசுகளே.

லண்டன் குயின் மேரி கல்லூரியில் இருந்த ஜார்ஜ் கூலூரிஸ், வீடியோத் திரை கைக்கு வந்த பிறகும் காகிதத்தின் சம்பிரதாயத்தைக் கட்டியழுவானேன் என்று கருதி, ஒரு வரியைத் திரையில் காட்டி அதனுள்ளேயே திருத்தத்தக்க 'எம்' என்ற எடிட்டரை அமைத்தார். அதைப் பார்த்த தாம்ஸன், திருத்தும்போது கோப்பின் நிலையைக் காணவேண்டிய தேவை தமக்கில்லை என்று சொன்னதாகக் கூலூரிஸ் பின்னாளில் தெரிவித்திருக்கிறார். அந்த எம்மைக் கூலூரிஸ் 1976-ஆம் ஆண்டுக் கோடையில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றபோது, அங்கே மாணவராயிருந்த பில் ஜாய் அதில் ஈடுபாடு கொண்டு, சக் ஹேலியுடன் சேர்ந்து அதனை விருத்திசெய்ய, அதிலிருந்து 'எக்ஸ்' என்ற எடிட்டர் பிறந்தது. அது 1978 மார்ச்சில் முதலாம் பெர்க்லி யூனிக்ஸ் தொகுப்போடு வெளிவந்தது. அதன் முழுத்திரைக் காட்சிமுறை, 1979 மே மாதத்து இரண்டாம் தொகுப்பில், வீ-ஐ என்னும் தனிப்பெயர் பெற்றது.

ஜாய் உபயோகித்த டெர்மினலைச் சற்று நெருங்கி நோக்குவது அவசியம். லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏ.டி.எம்-3ஏ என்ற அந்த யந்திரத்தில் அம்புக்குறிகளுக்கென்று தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே இடம், கீழ், மேல், வலம் என்ற அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. எஸ்கேப் விசையோ, இன்று டேப் இருக்கும் ஸ்தானத்தில், இடக்கைச் சிறுவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நம் விசைப்பலகையில் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் எஸ்கேப்பை நாழிகைக்குப் பன்முறை தேடிப்போகும் சிரமம், ஆகவே, எடிட்டரின் குற்றமன்று. கன்ட்ரோலோடு இடப் பகர அடைப்பை அழுத்தினாலும் அதே பலன் கிட்டும். கேப்ஸ் லாக் விசையை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்வதும் பயில்வோருக்கு மிகுந்த அனுகூலம்.

விசைப்பலகையைக் காட்டிலும் வலியதாயிருந்த நிர்ப்பந்தம் தொலைபேசிக் கம்பியினுடையது. வீட்டிலிருந்து 300 பாட் வேக மோடம் வழியாக வேலைசெய்த ஜாயின் திரைக்கு விநாடிக்குச் சுமார் முப்பது எழுத்துக்களே வந்துசேரும். 24 வரியும் 80 பத்தியுமாக 1,920 எழுத்துக்கள் கொண்ட முழுத்திரையை ஒருமுறை எழுதி முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேலாகும். இதனாலேயே வீ-ஐ, மெதுவான இணைப்பில் திரையின் எட்டு வரிகளை மட்டும், 1,200 பாட்டில் பதினாறு வரிகளை, அதற்கும் மேற்பட்ட வேகத்தில் முழுத்திரையைப் பயன்படுத்தும்படி வகுக்கப்பட்டது. ஒரு வரியை அழித்தால், கீழுள்ளவற்றையெல்லாம் மேலே நகர்த்தித் திரும்ப வரைவதற்குப் பதிலாக, அந்த இடத்தில் ஒரு '@' குறியை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்தது. ஒரு சொல்லை மாற்றத் தொடங்கினால் அச்சொல்லின் கடைசி எழுத்தின்மேல் '$' குறியை இட்டு, மாற்றம் எதுவரை செல்லும் என்பதைக் காட்டியது. கட்டளைகள் ஓரெழுத்தாய்ச் சுருங்கியமைக்கும், எழுத்திடும் நிலை வேறு, கட்டளையிடும் நிலை வேறு என்ற பிரிவினை நிலைபெற்றதற்கும் இந்தச் சிக்கனமே முக்கிய காரணமென்று கொள்ளலாம்.

சிக்கனத்தின் பொருட்டுத் தோன்றிய அம்முறை, காலக்கிரமத்தில் ஓர் இலக்கணமாகவே பரிணமித்ததுதான் என் நோக்கில் இந்தச் சரித்திரத்தின் மிகச் சிறந்த அம்சம். 'டி' என்பது அழித்தல், 'சி' என்பது மாற்றுதல், 'ஒய்' என்பது நகலெடுத்தல். 'டபிள்யூ' ஒரு சொல்லின் தொலைவு, வல நெளிவடைப்பு ஒரு பத்தியின் தொலைவு. இவற்றில் எந்தச் செயலும் எந்தத் தொலைவோடும் சேரும்; 'டி'க்கும் 'டபிள்யூ'வுக்கும் இடையே 3 என்று இட்டால் மூன்று சொற்கள் அழியும். ஒரு பெயர் நீண்ட கையெழுத்துப் பிரதியொன்றில் பல இடங்களில் பிழையாக எழுதப்பட்டு, அவற்றுள் சிலவற்றை மட்டும் திருத்தவேண்டியிருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். சாய்கோட்டிட்டுப் பெயரைத் தேடி, 'சி', 'டபிள்யூ' என அழுத்திச் சரியான பெயரை எழுதி, எஸ்கேப் தட்டியபின், 'என்' அழுத்தினால் அடுத்த இடம் வரும். திருத்த விரும்பினால் ஒரு முற்றுப்புள்ளி, விரும்பாவிடில் மறுபடி 'என்'. முன்செய்த மாற்றம் முழுவதையும் அந்த ஒற்றைப் புள்ளி திரும்பச் செய்துவிடுகிறது. செயல்களையும் தொலைவுகளையும் தனித்தனியே கற்று, சேர்க்கையைக் கைக்கு விட்டுவிடுவதே பயில்வோர்க்குரிய மார்க்கம். விம்மோடு வரும் 'விம்டியூட்டர்' பாடமும், திருத்தவேண்டிய வரிகளையே கோப்பில் இட்டு, அவற்றைத் திருத்தித் திருத்திக் கற்கும்படி, அப்பியாசத்தை முன்வைத்தே அமைந்திருக்கிறது.

எட்டின் மூலநிரலிலிருந்து கிளைத்தமையால் வீ-ஐ ஏ.டி.&டி. நிறுவனத்தின் உரிமத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது. மற்ற யந்திரங்களில் அதை விரும்பியவர்கள் ஒத்த படைப்புக்களைத் தாமே இயற்றவேண்டியதாயிற்று. அடாரி எஸ்.டி. கணினிக்காக டிம் தாம்ஸன் 1987-இல் எழுதிய 'ஸ்டீவி'யை ஆதாரமாகக் கொண்டு, நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1988-இல் தம் அமிகா கணினிக்கெனத் தொடங்கிய வேலையே விம். 1991-இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டு, மறு ஆண்டு யூனிக்ஸுக்கும் வந்துசேர்ந்தது. இதை இலவசமாக வழங்கிய அவர், உகாண்டாவின் குழந்தைகளுக்கு உதவுமாறு உபயோகிப்போரைக் கேட்டுக்கொண்டார். அவ்வேண்டுகோளை விம்மின் முகப்புத் திரையில் இன்றும் காணலாம். 2023 ஆகஸ்டில் காலமாகும்வரை அவர் விம்மின் பணியைக் கைவிடவில்லை.

எடிட்டரை அவரவர் சௌகரியத்துக்கேற்ப அமைத்துக்கொள்ளும் வழக்கமும் ஜாயின் காலத்ததே. ஒவ்வொரு நிறுவனத்தின் டெர்மினலும் வெவ்வேறு குறியீட்டை எதிர்பார்த்தமையால், அவற்றின் குணங்களைத் தொகுத்து 'டெர்ம்கேப்' என்ற பட்டியலை அவர் உருவாக்கினார். உபயோகிப்போரின் விருப்பங்கள் 'எக்ஸ்ஆர்சி' கோப்பில் இடம்பெற்றன. அதன் வாரிசாகிய 'விம்ஆர்சி' கோப்பைப் பற்றி முன்னர் ஒரு வினோதம் இருந்தது. அக்கோப்பு இல்லாவிட்டால் விம் தன் புதுமைகளை ஒடுக்கிக்கொண்டு பழைய வீ-ஐ போலவே நடந்துவந்தது. வெற்றுக்கோப்பு ஒன்று இருந்தாலே போதும், அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். இதனை அறியாத புதியவர்கள் நெடுங்காலம் அவதிப்பட்டனர். 2016-இல் வெளிவந்த எட்டாம் பதிப்பே, சொந்தக் கோப்பில்லாதவருக்கும் தக்க அமைப்புக்களைத் தானாக ஏற்றிக் குறையைத் தீர்த்தது. வரியெண்ணைக் காட்டுதல், தேடலில் பெரிய சிறிய எழுத்து வேற்றுமை பாராமை என இரண்டொரு வரிகளோடு தொடங்கி, தேவை பிரத்தியட்சமாகும்போது மட்டும் சேர்த்துச் செல்வதே நலம். பிறர் நூற்றுக்கணக்கான வரிகளில் எழுதிவைத்ததைப் பிரதிசெய்துகொள்வோர் எடிட்டரின் குணம் எது, பிறர் ஏற்றிய குணம் எது என்று பிரித்தறியும் வாய்ப்பை இழக்கிறார்கள்.

தமிழில் எழுதுவோருக்கு இந்த இருநிலை அமைப்பு தனியான ஒரு பயன் தருகிறது. கணினியின் பொதுவான தமிழ் உள்ளீட்டை வைத்துக்கொண்டால், கட்டளை நிலைக்குத் திரும்பும்தோறும் ஆங்கிலத்துக்கு மாற்றவேண்டும். இல்லையேல் 'டி' என்ற கட்டளைக்குப் பதிலாகத் தமிழெழுத்து ஒன்று போய்ச்சேரும். விம்மின் 'கீமேப்' வசதியோ எழுத்திடும் நிலையில் செயற்பட்டு, எஸ்கேப் அழுத்திய மாத்திரத்தில் விசைகளைப் பழைய ரோமன் எழுத்துக்களாகவே நிறுத்திவிடுகிறது. விம்மோடு தமிழுக்கென வரும் கீமேப் பழைய டிஸ்கி குறியீட்டுக்கானது. யூனிகோடில் எழுதுவோர் தமக்குரியதைத் தாமே செய்துகொள்ளலாம். அது அழுத்தும் விசைகளை ஒரு பத்தியிலும் விழவேண்டிய எழுத்தை மறு பத்தியிலும் கொண்ட சாதாரண உரைக்கோப்பேயாதலால், மேற்சொன்ன கட்டளைகளைக்கொண்டு விம்மிலேயே அதை எழுதி முடித்துவிடலாம்.