தோட்டத்து எல்லையில் நின்ற வாக்குரிமை

1888ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இங்கிலாந்தின் ஒவ்வொரு கவுண்டியிலும் ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் சபை ஏற்பட்டு, சாலைகளையும் பாலங்களையும் பராமரிக்கும் அதிகாரம் நிலப்பிரபுக்களின் கையிலிருந்து வரி செலுத்துவோரின் பிரதிநிதிகளிடம் வந்து சேர்ந்தது. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னதாகவே ரிப்பன் பிரபு இந்தியாவில் ஸ்தல சுயாட்சிக்கு அடிகோலியிருந்தார். ஆனால் அதே பிரிட்டிஷ் ஆதிக்கம், 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் சயாமிடமிருந்து மலாயாவின் கெடா ராஜ்யத்தின் மேலாண்மையைப் பெற்றுக்கொண்டபோது, இந்த இரு முன்மாதிரிகளில் ஒன்றையேனும் இங்கே கொண்டுவர எண்ணியதாகத் தெரியவில்லை. அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம் முதலிய நகரங்களின் சந்தையையும் சாக்கடையையும் தெருவிளக்கையும் கவனிக்க, அரசாங்க அதிகாரிகளும் அரசாங்கம் பொறுக்கியெடுத்த சில பிரமுகர்களும் அமர்ந்த சானிட்டரி போர்டுகளே போதுமென்று கருதப்பட்டது.

தேர்தல் என்பது இந்தப் பிராந்தியம் அறியாத வஸ்து என்று சொல்வதற்குமில்லை. மூடா ஆற்றுக்குத் தெற்கே, பினாங்கில், 1857 முதலே வரி செலுத்துவோர் தம் நகரசபைக்குச் சில அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். 1913ஆம் ஆண்டில் அந்த உரிமையும் ரத்து செய்யப்பட்டு, பினாங்கும் கெடாவைப் போலவே நியமன ஆட்சிக்குள் வந்தது. கொடுத்த வாக்குரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு இந்நாட்டில் அதுவே முதல் உதாரணம். கடைசி உதாரணமாக அது அமையாமற் போனதை இக்கட்டுரையின் பிற்பகுதி கூறும்.

நகரங்களின் கதை இவ்வாறிருக்க, கெடாவின் தமிழரிற் பெரும்பாலோர் வாழ்ந்தது நகரங்களில் அல்ல. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்குக்கருகே ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலிலிருந்து, பின் பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத்து ரப்பர்க் காடுகளுக்குள் சென்று மறைந்த அந்த ஜனங்களுக்குத் தோட்டமே ஊர், தோட்டமே ராஜ்யம். விடிவதற்கு முன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போக வேண்டிய பெண்கள், லயம் என்னும் வரிசைக் குடியிருப்பின் கோடியிலிருந்த ஒரே குழாயடியில் குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருப்பார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் அதை மேற்பார்வையாளரான மண்டோரிடம் சொல்ல வேண்டும். மண்டோர் குமாஸ்தாவான கிராணியிடம் சொல்வார். கிராணி, தோட்ட நிர்வாகியான தொரையின் முகக்குறிப்பைப் பார்த்து, சமயம் வாய்த்தால் சொல்வார். குழாயும் சாக்கடையும் கள்ளுக்கடையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கோயில் நிலமும் ஆக சகலமும் கம்பெனியின் சொத்தாக இருந்த இடத்தில், ஊர்க்காரியம் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. அந்த ஜனங்களுக்குத் தம் காரியங்களைத் தாமே நடத்தத் தெரியாது என்று அக்காலத்து அதிகாரிகள் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சிறிது காலத்திலேயே அதற்குச் சாட்சி கிடைத்தது. பீடோங்கையடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடை மறியலையும் குடிப்போர்க்குத் தண்டனையையும் லயங்களின் ஒழுங்கையும் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டு, அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் பரவியது. அதன் முறைகள் சில இடங்களில் கடுமையாக இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. எந்தச் சட்டமும் இடமளிக்காத மக்கள், சட்டத்துக்கு வெளியே அமைத்துக்கொண்ட ஸ்தல ஆட்சி அது. 1947இல் போலீசாரோடு நேர்ந்த மோதல்களிலும் கைதுகளிலும் அவ்வியக்கம் அடக்கப்பட்டது.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1950ஆம் ஆண்டின் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் சட்டம் பிறந்தது. 1951 டிசம்பர் முதல் தேதியன்று ஜார்ஜ் டவுனிலும், அடுத்த பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் தேர்தல்கள் நடந்தன. அலோர் ஸ்டாரும் சுங்கை பட்டாணியும் கூலிமும் அந்தப் பத்தாண்டிலேயே தேர்தல் பெற்ற நகரசபைகளாயின. கடைவீதித் தமிழர், ரயில்வே ஊழியர், பள்ளி ஆசிரியர், நகரசபைக் குடியிருப்புகளில் வசித்த துப்புரவுத் தொழிலாளர் என நகர எல்லைக்குள் இருந்தோருக்கு, தம் தெருவின் குறையைச் சொல்ல ஓர் அங்கத்தினர் கிடைத்தார். 1957இல் மாநகரமான ஜார்ஜ் டவுனின் முதல் மேயராகத் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். ராமநாதன் அமர்ந்தபோது, கெடாத் தமிழரும் அதைத் தம் கௌரவமாகவே கொண்டாடியிருப்பர்.

தோட்டத்து லயம் அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில் காடோரத்துச் சீனக் குடியானவர்களை முள்வேலிக்குள் குடியேற்றிய புதுக்கிராமங்களுக்குக்கூட, 1952ஆம் ஆண்டுச் சட்டத்தினால், தாமே தேர்ந்தெடுத்து வரி விதித்துக்கொள்ளும் ஊர்ச்சபை கிடைத்தது. அதே அவசரகாலத்தில் வேலிக்குள் அடைக்கப்பட்ட தோட்டத் தமிழருக்குத் தொரையே தலைவராக நீடித்தார். பிரஜா உரிமையின் வாசலும் குறுகலாக இருந்தது: 1955ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பதிவான ஏறத்தாழ 12,80,000 வாக்காளரில் இந்தியர் 100க்கு 4 பேரே, ஜனத்தொகையிலோ அவர்கள் 100க்கு 11 பேருக்கு மேல்.

கெடாவாகிய கடாரத்தைக் கொண்ட சோழரின் முன்னோனான முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்ச் சாசனங்களை நம்மவர் மேடைதோறும் பெருமையோடு எடுத்துரைப்பதுண்டு. குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்கு, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேலும், சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டுமென்று அச்சாசனங்கள் விதிப்பதை அவ்வளவாக யாரும் எடுத்துரைப்பதில்லை. நிலமும் மனையும் இல்லாதவன் ஊர்ச்சபைக்கு அந்நியன் என்ற நியதி, ஆயிரமாண்டு கழித்து, கம்பெனி வீட்டில் குடியிருந்த பால்மரத் தொழிலாளியின் தலையிலும் வேறு வடிவில் வந்து விழுந்தது.

அவனுக்கும் வாக்களிக்கும் பழக்கம் வேறு வழிகளில் வந்துகொண்டிருந்தது. 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தேர்தலும், கோயில் கமிட்டித் தேர்தலும் கை தூக்கக் கற்பித்தன. மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, 100 வெள்ளிப் பங்கை மாதத் தவணையில் செலுத்தச் செய்து, துண்டாடப்பட்டு விற்பனையாகிக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர் பெயரிலேயே வாங்க முனைந்தபோது, முதலில் வாங்கப்பட்டது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். மண்ணில் பங்கும் அதன் நிர்வாகத்தில் ஒரு வாக்கும் தொழிலாளிக்கு ஒருங்கே கிடைத்த இடம் இதுவென்பதனால், இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் சம்பவம் இதுதான்.

நாடு விடுதலை பெற்ற 1957க்குப் பின் பிரஜைகளாகப் பதிந்துகொண்டோரின் தொகை ஆண்டுதோறும் பெருகிவந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டதால் வேலையிழந்தோர் நகர எல்லைக்குள் குடியேறவும் தலைப்பட்டனர். அவர்கள் உள்ளூர் வாக்குச்சாவடியை நெருங்கிவந்த தருணத்தில், இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட பகைமையைக் காரணங்காட்டி, 1965 மார்ச் முதல் தேதியன்று ஸ்தலத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதை அறிவித்த பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், அலோர் ஸ்டாரில் பிறந்து, இளமையில் கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். சமாதானம் திரும்பியதும் தேர்தல்களும் திரும்பும் என்று அவர் சபையில் உறுதியளித்தார். 1966 ஆகஸ்டில் சமாதானம் திரும்பியது.

இதனிடையே ஸ்தல ஸ்தாபனங்களை ஆராய நியமிக்கப்பட்ட ராயல் கமிஷனின் தலைமை, செனட்டர் ஆதி நாகப்பன் என்ற தமிழரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1968இன் இறுதியில் சமர்ப்பிக்கப்பட்ட அதன் அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளே எங்கும் வேண்டுமென்று சிபாரிசு செய்தது. 1976ஆம் ஆண்டின் ஸ்தல அரசாங்கச் சட்டம் அந்தச் சிபாரிசைத் தள்ளி, தேர்தலை அடியோடு நீக்கி, 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கும் என்று வகுத்தது. சானிட்டரி போர்டின் நியதி, வேறு பெயரில், கெடாவுக்குத் திரும்பி வந்தது. 2012இல் பினாங்கு மாநிலம் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றதும், அதற்கு மாநிலத்துக்கு அதிகாரமில்லையென்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்ததும் அண்மைக்காலச் செய்திகள்.

சுங்கை பட்டாணியையும் கூலிமையும் சூழ்ந்திருந்த ரப்பர்க் காடுகள் பல இன்று தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயத்துப் பிள்ளைகள் சொந்த வீட்டுக்கு மதிப்பீட்டு வரி செலுத்துகிறார்கள். கடைசி ஸ்தலத் தேர்தல்கள் 1963இல் நடந்தன. வாக்களிக்கும் வயது அப்போது 21. ஆகையால் அந்நகரங்களில் ஒருகாலத்தில் தம் கவுன்சிலரைத் தாமே தேர்ந்தெடுத்த தமிழர் இன்று இருப்பார்களேயானால் எண்பதைக் கடந்தவர்களாகவே இருப்பர். அவர்கள் நினைவில் நிற்கும் அபேட்சகர்களின் பெயர்களையும், வீடு வீடாக ஏறியிறங்கி வாக்குக் கேட்ட விதத்தையும், இவ்வாண்டிலேயே யாரேனும் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க வேண்டும்.