புல்லட்டின் முன் பிரேக்: ஒரு சிறு வரலாறு



போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நம் பேஸ்மென்ட் ராம்ப்பில் ஒரு பழைய புல்லட் நாலடி தூரம் பின்னோக்கி உருண்டது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பின்னால் சைக்கிளில் வந்த பி பிளாக் குழந்தையை செக்யூரிட்டி தம்பி ஓடிவந்து இழுத்துக்கொண்டார். யாருக்கும் அடியில்லை. வாட்ஸ்அப் குழுவில் "அது யார் வண்டி?" என்று இரண்டு நாள் விசாரணை நடந்தது. அது என் வண்டிதான். குழந்தையின் பெற்றோரிடம் அன்றைக்கே நேரில் போய் வருத்தம் தெரிவித்துவிட்டேன். இந்த இதழில் ஏதாவது எழுதச் சொல்லி நம் செயலாளர் கேட்டபோது, மற்றவர்களுக்கும் உபயோகமாக இருக்கட்டும் என்று இந்த பிரேக் கதையை எடுத்துக்கொண்டேன்.

நான் பி.காம். படித்தவன், இன்ஜினீயர் அல்ல. முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க் வேலை. ஆனால் இந்த வண்டியோடு எனக்கு அதைவிட நீண்ட பழக்கம். தப்பாக ஏதாவது சொன்னால் நம்மிடையே இருக்கும் இன்ஜினீயர்கள் திருத்தலாம்.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

'புல்லட்' என்ற பெயரை இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1932 முதல் பயன்படுத்திவந்தது. அதன் தொழிற்சாலை ரெட்டிச் என்ற ஊரில் இருந்தது. நம் நாட்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இந்த வண்டிகளை இறக்குமதி செய்து விற்றது. ராணுவத்துக்கு 350 சிசி புல்லட் பிடித்துப்போய் ஆர்டர் வந்தது. அதன் பிறகு 1955இல் இரு கம்பெனிகளும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. 1956இல் திருவொற்றியூர் ஆலையில் வேலை ஆரம்பம். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை வைத்துப் பூட்டினார்கள். போகப்போக எல்லா பாகங்களும் இங்கேயே தயாராயின.

1970இல் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. தாய் வீடு போனது, மகள் வீடு நிலைத்தது. 1977இல் மெட்ராஸ் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. ஆனால் அங்கே போய் இறங்கிய வண்டி அடிப்படையில் 1950களின் வண்டிதான். அதில் எல்லாரும் பெருமைப்படும் விஷயம் 'டுக் டுக்' சத்தம். யாரும் பேசாத விஷயம் பிரேக்.

ஒரு ஷூ உதவும், ஒரு ஷூ ஒதுங்கும்

என் சித்தப்பா வாங்கிய 1974 மாடல் புல்லட்டில் முன் சக்கரத்தில் இருந்தது 6 அங்குல டிரம் பிரேக். டிரம்முக்குள் அரைவட்டமாக இரண்டு ஷூக்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கேம். கைப்பிடியை அழுத்தினால் கேபிள் இழுத்து, கேம் திரும்பி, ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்புறத்தைப் பிடிக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கைத்தடியை முன்னால் சாய்த்து ஊன்றியபடி தள்ளிக்கொண்டு நடந்து பாருங்கள், தரையில் குத்திக்கொள்ளும். அதையே பின்னால் இழுத்துக்கொண்டு நடந்தால் சுலபமாக வழுக்கிக்கொண்டு வரும். டிரம்முக்குள்ளும் அப்படித்தான். ஒரு ஷூவைச் சுழலும் சக்கரமே இழுத்து இன்னும் இறுக்கமாக அழுத்திக்கொள்ளும். அதற்கு லீடிங் ஷூ என்று பெயர். மற்றதைச் சக்கரம் தள்ளிவிடும். அது டிரெய்லிங் ஷூ. ஆக இரண்டு ஷூ இருந்தும் முழு வேலை செய்வது ஒன்றுதான்.

நூற்று அறுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி, இரண்டு ஆள், பின்னால் ஒரு மூட்டை. இத்தனையையும் நிறுத்த அந்தச் சின்ன டிரம். பிரேக் பிடித்தவுடன் பாரம் முன் சக்கரத்துக்கு வந்துவிடும். அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் "முன் பிரேக்கைத் தொட்டா குட்டிக்கரணம்தான்" என்பது வேதவாக்கு. அதனால் அதை யாரும் பிடிப்பதில்லை, பிடிக்காததால் கவனிப்பதும் இல்லை.

ஓடைத் தண்ணீரும் ஆட்டு மந்தையும்

என் சொந்த ஊர் இளையரசனேந்தல். அப்போது நெல்லை மாவட்டம் சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்தது. கரிசல் காட்டு ஊர். நான் அப்போது வேலை பார்த்த கிளை கோவில்பட்டியில். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சித்தப்பாவின் புல்லட்டை வாங்கிக்கொண்டு தினமும் போய்வந்தேன்.

1988 ஐப்பசியில் வண்டியை சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் சொன்னார்: "அண்ணாச்சி, முன்னாடி லைனிங் நல்லா தேஞ்சு போச்சு. மாத்திருவோம்."

"அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கிடலாம்" என்றேன். நூறு ரூபாய்க்கும் குறைந்த செலவுதான். தீபாவளிக்கு ஜவுளி எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளை கேஷியரை வீட்டுச் சாப்பாட்டுக்குப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். முந்தைய இரவு மழையில் ரோட்டின் குறுக்கே ஓடைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் அளவுகூட இல்லை, வண்டியை இறக்கி அக்கரை ஏறினேன். அடுத்த வளைவில் ஆட்டு மந்தை. முன் பிரேக்கை முழுதாக அழுத்தினேன். கைப்பிடி கிரிப் வரைக்கும் வந்துவிட்டது, வண்டி நிற்கவில்லை. தேய்ந்த லைனிங், அதில் தண்ணீர் வேறு. பின் பிரேக்கை மிதித்தேன், சக்கரம் பூட்டிக்கொண்டு சேற்றில் வழுக்கியது. எனக்குச் சிராய்ப்பு. கேஷியர் சாருக்கு வலது கால் எலும்பு முறிந்தது.

மூன்று மாதம் படுக்கை. ரிட்டையர் ஆகும்வரை லேசாக விந்திதான் நடந்தார். "மழைன்னா அப்படித்தான், நீ என்னப்பா செய்வே" என்றே கடைசிவரை எல்லோரிடமும் சொன்னார். மெக்கானிக் சொன்னதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. இப்போது அவர் இல்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டு ஷூவும் உதவ ஆரம்பித்தன

டிரெய்லிங் ஷூவையும் லீடிங் ஷூவாக மாற்றிவிட்டால் என்ன? இந்த யோசனை புதிதல்ல. டிரம்முக்குள் ஒன்றுக்குப் பதில் இரண்டு கேம் வைத்து, இரண்டையும் வெளியே ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் இரண்டு ஷூக்களையும் சக்கரம் இழுத்து அழுத்திக்கொள்ளும். இதுதான் ட்வின் லீடிங் ஷூ. இங்கிலாந்தின் டிரையம்ஃப் வண்டிகளுக்கு இப்படிப்பட்ட 8 அங்குல பிரேக் 1968இல் வந்தது. நம் புல்லட்டுக்கும் பின்னாளில் 7 அங்குல ட்வின் லீடிங் ஷூ வந்தது.

என் வண்டிக்கு 1990களில் அதைப் பொருத்தினேன். அங்குலக் கணக்கில் ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் ஓட்டிப் பார்த்தால் வேறு வண்டி. ஷூவை மட்டும் வாங்கி மாட்டிவிட முடியாது. டிரம், பிரேக் பிளேட், கேபிள் எல்லாம் மாறும், புது ஹப்பில் ஸ்போக் கோர்க்க வேண்டும். இரண்டு கேம்களும் ஒரே நேரத்தில் திரும்பும்படி இணைப்புக் கம்பியைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும், செலவு வீண்.

ஆனால் இதற்கு ஒரு பாதகமும் உண்டு. சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால் இரண்டு ஷூவுமே டிரெய்லிங் ஆகிவிடும். முன்னால் போகும்போது பலசாலி, பின்னால் உருளும்போது நோஞ்சான். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். ராம்ப்பில் முன்னே நின்ற காருக்காகக் காத்திருந்தபோது இடது காலைத் தரையில் ஊன்றிவிட்டேன். வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது முன் பிரேக் மட்டும். அதனால்தான் அது உருண்டது. முப்பது வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம், அந்த நிமிடம் நினைவில்லை.

டிஸ்க் வந்த கதை

டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902இலேயே காப்புரிமை வாங்கினார். 1953 லே மான் கார் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மோட்டார் சைக்கிளில் அதைப் பெருமளவில் கொண்டுவந்தது ஜப்பான்காரர்கள். 1969இல் ஹோண்டா சிபி 750 முன் டிஸ்க்குடன் வந்தது. இங்கிலாந்தின் நார்ட்டன் கமாண்டோவுக்கு 1972இல்தான் வந்தது.

நம் புல்லட் குடும்பத்துக்கு டிஸ்க் வர இன்னும் வெகுகாலம் ஆனது. 1994இல் ஐஷர் நிறுவனம் கம்பெனியை வாங்கிய பிறகு ஒவ்வொரு மாடலாக மாறியது. 2009இல் வந்த கிளாசிக்கில் 280 மில்லிமீட்டர் முன் டிஸ்க். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்ற சட்டம் 2019 ஏப்ரலில் முழுமையாக அமலானது.

இதற்கிடையே ரோடும் மாறிவிட்டது. கோவில்பட்டி வழியாகப் போகும் மதுரை-கன்னியாகுமரி நெடுஞ்சாலை நான்கு வழியானது. நாற்பதில் போனவர்கள் எண்பதில் போகிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இது வட்டிக்கு வட்டி மாதிரி, கணக்குப் போட்டுப் பார்க்காதவர்தான் மாட்டிக்கொள்வார்.

டிஸ்க்குக்கு முன்னே பின்னே என்ற பேதம் கிடையாது, ராம்ப்பிலும் பிடிக்கும். நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆகவே நானும் முடிவெடுத்துவிட்டேன். டிஸ்க்குடன் வந்த பிற்கால புல்லட்டின் ஃபோர்க் கால், ஹப், டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே செட்டாக ஜி.பி. ரோட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் ஒன்று இதில் ஒன்று என்று கலந்து பொருத்தப் போவதில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, இன்சூரன்ஸுக்கும் தெரியப்படுத்திய பிறகே வேலை ஆரம்பம். அதுவரை வண்டி பேஸ்மென்ட்டில் ஸ்டாண்டில்தான் நிற்கும்.

உங்களுக்குச் சில வார்த்தைகள்

புல்லட் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். நம் பார்க்கிங்கில் டிரம் பிரேக் ஸ்கூட்டர்கள் நிறைய நிற்கின்றன. பிரேக் கைப்பிடி கிரிப்பைத் தொடும் அளவுக்கு வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தெருவில் தேங்கிய மழைத் தண்ணீரில் போய் ஏறியதும், மெதுவாகப் போகும்போதே பிரேக்கை லேசாகப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு லைனிங்கைக் காய வையுங்கள். டிஸ்க் வண்டியானால் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பழைய வண்டி லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

ஐப்பசி மழை வரப்போகிறது. வருகிற ஞாயிறு காலை ஏழு மணி முதல் பேஸ்மென்ட்டில் இருப்பேன். வண்டியைக் கொண்டுவந்தால் இருவருமாகப் பார்க்கலாம். மெக்கானிக்கிடம் போக வேண்டியதா இல்லையா என்று மட்டும் என்னால் சொல்ல முடியும். போக வேண்டும் என்று சொன்னால், "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.