ஊசியும் அதிர்வும்

பம்பாயில் இருப்புப்பாதையோரம் குடியிருந்த நம்மவர்க்கு இத்தொல்லை புதிதன்று. மின்சார ரயில் விரைந்தால் இசைத்தட்டில் ஊசி துள்ளும். நாகசுரம் நடுவே அறும். நாம் சமுக்காளத்தை மடித்து அடியில் வைத்தும் பயன் கண்டோமில்லை. தட்டின் வரிப்பள்ளத்து நெளிவுகள் மயிரிழையினும் நுண்ணியவை. தரையதிர்வையும் ஊசி இசையென்றே கொள்கிறது.

1961-இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சூர் வழி கண்டார். சுழல்தட்டையும் ஊசிக்கையையும் ஒரே சட்டத்திற் பிணைத்து, மூன்று சுருள்விற்களில் நிறுத்தினார். மின்பொறி தனியே நின்று, ரப்பர் வாரினால் தட்டைச் சுழற்றிற்று. தட்டும் ஊசியும் ஒன்றாய் அசைவதால் அவற்றிடையே பூசலில்லை. பெட்டியைச் சுத்தியலால் தட்டிக் காட்டினர், ஊசி பிறழவில்லை! ஸ்காட்லாந்தில் 1972-இல் பிறந்த லின் சோண்டெக்கும் இவ்வழியதே.

ஆயினும், ஆடும் மரத்தளத்தில் அவ்விற்களும் காலடிக்கு அஞ்சின. அங்கே சுவரிற் பலகை அறைந்து வைத்தலே நலம்.