பழைய தரை ஓடுகளிலிருந்து சிமென்ட் படலம் நீக்கல்

பழைய தரை ஓடுகளின் மேல் பின்னாளில் பூசப்பட்ட அல்லது சிந்திப் படிந்த சிமென்ட் (பைஞ்சுதை) அடுக்கை, ஓட்டின் மேற்பரப்பும் நிறமும் கெடாமல் பிரித்தெடுப்பது கட்டடப் பேணல் பணிகளுள் ஒன்றாகும். சிமென்டைக் கரைக்கும் பொருள்கள் தரையின் பல வகைகளையும் சேர்த்தே கரைத்துவிடும் என்பதே இதிலுள்ள முதன்மைச் சிக்கல். தமிழ்நாட்டில் இது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. செட்டிநாட்டு வீடுகளில் பரவலாகக் காணப்படும் ஆத்தங்குடி ஓடுகள் சிமென்டாலேயே செய்யப்பட்டவை.

படலம் உருவாகும் சூழல்கள்

போர்ட்லண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்தில் யோசப் ஆசுப்டின் 1824 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமென்ட் உற்பத்திக்கான தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று 1904 இல் சென்னையில் நடைபெற்றது. சிமென்ட் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னர், தேய்ந்த தரையைச் சீர்செய்ய அதன்மேலேயே சிமென்ட் பூசுவதும், பழைய தரையைப் பெயர்க்காமல் அதன்மீது கலவை பரப்பிப் புதிய ஓடு பதிப்பதும் எளிய வழிகளாயின. இவ்வாறு உண்டாகும் அடுக்கு சில சென்டிமீட்டர் தடிப்புடையதாக இருக்கலாம். சுவர் பூசும்போது சிந்திய கலவையும், ஓட்டிடுக்குகளை நிரப்ப ஊற்றிய சிமென்ட் பால் துடைக்கப்படாமல் காய்ந்ததும் மெல்லிய சாம்பல்நிறப் படலங்களாக எஞ்சுகின்றன. தடித்த அடுக்கும் மெல்லிய படலமும் வெவ்வேறு முறைகளில் அகற்றப்பட வேண்டியவை.

ஓட்டின் வகையை அறிதல்

உடைந்த ஓடு ஒன்றின் விளிம்பைப் பார்ப்பதே நம்பகமான சோதனை. சுட்ட களிமண் ஓட்டில் மேலிருந்து கீழ்வரை பெரும்பாலும் ஒரே செந்நிறம் காணப்படும். மெருகிட்ட பீங்கான் ஓட்டின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய தோல் இருக்கும். சிமென்ட் ஓட்டில் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள வண்ண அடுக்கும் அதன்கீழ் சாம்பல்நிற உடலும் தெளிவாகப் பிரிந்து தெரியும்.

உடைந்த விளிம்பு கிடைக்காதபோது, கண்ணில் படாத மூலையில் எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டுப் பார்ப்பதுண்டு. நுரைத்தால் அப்பரப்பில் கால்சியம் கார்பனேட்டு உள்ளது எனக் கொள்ளலாம். பளிங்கு, கடப்பைக்கல், மொசைக் தரை ஆகியவை இவ்வகையின. இவற்றின்மேல் அமிலம் பயன்படுத்தலாகாது. கருங்கல் அமிலத்தை ஓரளவு தாங்கும்.

ஆத்தங்குடி ஓடுகள்

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் இவை கையால் செய்யப்படுகின்றன. கண்ணாடித் தகட்டின்மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அதன் கட்டங்களில் நிறமி கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றுவர். சட்டத்தை எடுத்தபின் உலர்ந்த சிமென்ட்–மணல் தூவப்பட்டு, மேலே ஈரக் கலவை நிரப்பப்படும். பின்னர் ஓடுகள் நீரில் ஊறவைக்கப்படுகின்றன. இவை சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடியோடு ஒட்டிய பக்கமே ஓட்டின் முகமாவதால் அது இயல்பாகவே வழவழப்பாக அமைகிறது. தென் பிரான்சில் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான சிமென்ட் ஓடுகளும் சுடாமல் செய்யப்படுபவையே.

வண்ண அடுக்குக்குச் சற்று ஆழம் இருப்பதால் சிறிதளவு தேய்ந்தாலும் கோலம் அழிவதில்லை. ஆனால் கண்ணாடியால் கிடைத்த முதல் வழவழப்பு போய்விட்டால் எந்த மெருகூட்டலாலும் அது முழுமையாக மீளாது. எனவே இழக்கக்கூடாதது கோலத்தைவிடவும் அம்மெல்லிய தோலே எனலாம். தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பேணப்பட்ட தரையில் ஒரு நன்மை உண்டு: எண்ணெய் ஊறிய பரப்பில் சிமென்ட் நன்றாகப் பற்றுவதில்லை, ஆகவே மேலடுக்கு பாளமாகப் பெயர்ந்து வர வாய்ப்புண்டு.

பொறிமுறை நீக்கல்

தடித்த அடுக்கை முதலில் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். பொள்ளலான ஒலி எழும் இடத்தில் பிணைப்பு விட்டிருக்கும். அங்கிருந்தே பணியைத் தொடங்குவது வழக்கம். தட்டையான மெல்லிய உளியைத் தரையோடு ஏறத்தாழக் கிடையாகப் பிடித்து, இரு அடுக்குகளுக்கும் இடையில் சிறுசிறு அடிகளாகச் செலுத்துவர். உளியைச் செங்குத்தாக வைத்து அடிப்பது ஓட்டைப் பிளக்கும். அடுக்கு பெரிதாயின், வெட்டுப்பொறியால் அதைச் சிறு கட்டங்களாகக் கீறிக்கொள்ளலாம். ஆயினும் கீறலின் ஆழம் அடுக்கின் தடிப்பைவிடக் குறைவாகவே இருக்கவேண்டும். பொறுமையிழந்து அதிர்வுச் சுத்தியலைப் பயன்படுத்தும் இடங்களில், ஓடு அடித்தளச் சுண்ணக் கலவையிலிருந்தே கழன்றுவிடுவது உண்டு. உளிக்குப்பின் எஞ்சும் துணுக்குகளை நீரில் நனைத்து மரம், மூங்கில் அல்லது நெகிழிச் சுரண்டியால் எடுப்பர்.

மணல்வீச்சு முறை ஓடுகளுக்கு ஏற்றதன்று. தமிழகக் கோயில்களில் இம்முறையால் கற்களின் மேற்பரப்பும் கல்வெட்டு எழுத்துகளும் தேய்ந்தமை கடும் எதிர்ப்புக்குள்ளானது.

அமிலங்களின் செயல்

கடைகளில் எளிதில் கிடைக்கும் ஐதரோகுளோரிக் அமிலம், சிமென்டிலுள்ள கால்சியம் சேர்மங்களோடு வினைபுரிந்து நீரில் கரையும் கால்சியம் குளோரைடைத் தருகிறது. இக்கரைசல் ஓட்டின் நுண்துளைகளுக்குள் ஊறினால் பின்னர் உப்புப் பூப்பாக வெளிப்பட்டுப் பரப்பை உதிர்க்கக்கூடும். இரும்பு ஆக்சைடு நிறமிகளிலும் கறை தோன்றலாம். சிமென்ட் ஓட்டில் இவ்வமிலம் மேற்படலத்துக்கும் ஓட்டுக்கும் வேறுபாடு அறியாது. ஆகவே அங்கு அது முற்றிலும் விலக்கத்தக்கது. மெருகு வெடிப்பில்லாத பீங்கான் ஓட்டின் மீதுள்ள மெல்லிய படலத்துக்குச் சல்பாமிக் அமிலத்தின் நீர்த்த கரைசல் பயன்படுகிறது. முன்னதாகத் தரையை நீரால் நன்கு நனைத்து நுண்துளைகளை நிரப்பிவிட்டால் அமிலம் உட்புகுவது குறையும். சில நிமிடங்களில் தேய்த்துக் கழுவி, சமையல் சோடாக் கரைசலால் நடுநிலையாக்கி, மீண்டும் கழுவவேண்டும்.

சர்க்கரைக் கரைசல் சிமென்டைக் கரைக்கும் என்பதும் பரவலாகச் சொல்லப்படுகிறது. சர்க்கரை, சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்துவது உண்மையே. எனவே அன்று சிந்திய கலவையில் அது பயன்தரும். பல்லாண்டு இறுகிய அடுக்கில் குறிப்பிடத்தக்க விளைவு இராது.

ஒப்புநோக்கு: காஞ்சிபுரம்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில், சுற்றாலைச் சிற்றாலயங்களின் பிற்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த பல்லவர்கால ஓவியங்களை 1931 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் கண்டறிந்தார். சுண்ணப்பூச்சு மென்மையானது; நீராவியைக் கடத்துவது; கீழுள்ள பரப்பைவிட முன்னதாகத் தானே உதிரக்கூடியது. சிமென்ட் அதற்கு நேர்மாறானது. அது கீழுள்ள சுட்ட ஓட்டையும் சுண்ணக் கலவையையும்விட வலிமையாக இருப்பதால், பெயர்க்கும்போது வலுக்குறைந்த பழைய பொருளே முதலில் உடைகிறது. ஈரத்தையும் அது அடியிலேயே தேக்கிவைக்கிறது. பழைய தரைகளைச் செப்பனிடுகையில் சுண்ணக் கலவையைப் பேணல் வல்லுநர்கள் விரும்புவதற்கு இதுவே காரணம்.

பாதுகாப்பு

சிமென்ட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைப் பாதிக்கும்; ஆகவே வெட்டும்போது நீர் தெளிப்பதுடன் தகுந்த முகக்கவசமும் கண்ணாடியும் அணியவேண்டும். அமிலத்தையே நீரில் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. ஐதரோகுளோரிக் அமிலத்துடன் வெளுப்புத்தூள் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளிமம் வெளிப்படும். வீடுகளில் இவ்விரண்டும் கழிவறைத் தூய்மைக்காக ஒரே இடத்தில் வைக்கப்படுவதால் இது அடிக்கடி மறக்கப்படுகிறது.