அடகுக்கு வந்த செப்புக்காசு

அமெரிக்காவில் இருக்கும் மச்சானோ தங்கையோ பழைய பொருள் சந்தையில் வாங்கி வரும் காசுகளில் இது அடிக்கடி இருக்கும். வளைவின் உச்சிக்கல் படம், அதைச் சுற்றி எச், டி, டபிள்யூ, எஸ், எஸ், டி, கே, எஸ் என்று எட்டு எழுத்து. மறுபக்கம் பெரும்பாலும் 'ஒன் பென்னி'.

செலாவணிக் காசு இல்லைங்க. ராயல் ஆர்ச் மேசன் சாப்டர்கள் தங்கள் உறுப்பினருக்காக அடித்த 'மார்க் பென்னி'. பைபிளில் திராட்சைத் தோட்டக் கூலிகளுக்கு ஆளுக்கொரு காசு கொடுத்த கதைதான் இதற்கு மூலம்.

அதிலுள்ள வருஷத்தை நம்பி விலை கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அது அந்த சாப்டர் சாசனம் பெற்ற வருஷம். 1860 என்று போட்ட வில்லை 1920-ல் அடித்ததாகவும் இருக்கலாம். (பாஸ்புக் அட்டையில் வங்கி தொடங்கிய வருஷம் இருக்குமே, அது போல!)

எனக்குப் பிடித்தது உச்சிக்கல்லின் நடுவில் விட்டிருக்கும் வெற்றிடம். மார்க் மாஸ்டர் பட்டம் பெறுபவர் தனக்கென ஒரு குறியைத் தேர்ந்தெடுப்பார். அது சாப்டரின் பதிவேட்டில் ஏறும். அதையே அங்கே செதுக்கிக்கொள்வார். நம்ம மாதிரிக் கையெழுத்து அட்டைதான்! அந்தக் குறியை ஈடாக அனுப்பி இன்னொரு மேசனிடம் அரை ஷெக்கல் வெள்ளி, அமெரிக்கக் கணக்கில் கால் டாலர், கடன் கேட்கலாம் என்பது அவர்கள் மரபு. மீட்காமல் மறுபடி அடகு வைக்கக்கூடாது. ஒரே பத்திரத்தை ரெண்டு வங்கியில் வைப்பவர்களைப் பார்த்துச் சலித்த எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கிறது :-)

ஆகவே நடுவில் கோடுகள் தெரிந்தால், கீறல் என்று பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். சாப்டரின் பெயரும் ஊரும் வில்லையிலேயே இருக்கும். பதிவேடு தப்பியிருந்தால் அந்த ஆளையே கண்டுபிடித்துவிடலாம்.